நனைந்த மூட்டை

தவசியின் மக்காச்சோளம் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிவிட்டது என்ற சேதி புதூர் பஜாருக்கு வந்து சேர்ந்தபோது அது பயிரைப் பற்றிய சேதியாக இல்லை. வருகிற வழியில் இரண்டு டீக்கடைகளில் உட்கார்ந்து எழுந்ததில், பாய் உரக்கடையில் போலி டிஏபி விற்கிறார்கள் என்று ஆகியிருந்தது.

கடையைப் பார்த்துக்கொள்ளும் பதருன்னிசாவின் காதுக்கு அது சுற்றி வளைத்துத்தான் வந்தது. யூரியா வாங்க வந்த ஒரு பெண் கைரேகை மெஷினில் விரலை வைத்தாள். களைவெட்டித் தேய்ந்த விரல், ரேகை விழவில்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தவள் மெஷினைப் பார்த்தபடியே, "ஏக்கா, இது நல்ல யூரியாதான?" என்று கேட்டாள்.

"என்ன கேள்வி இது?"

"இல்ல, சின்னமநாயக்கன்பட்டியில பேசிக்கிடுதாவ. தவசி அண்ணாச்சி மூணு மூட்டை டிஏபி வாங்குனதுல ஒண்ணுதான் நெசமாம். மத்த ரெண்டும் வெறும் களிமண் உருண்டையாம். ஒரு பக்கம் பயிர் இடுப்புக்கு வந்துட்டாம். மறுபக்கம் முட்டுக்குக் கீழ ஊதாவா நிக்காம்."

நாலாவது தடவை ரேகை விழுந்தது. பதருன்னிசா மூட்டையைக் கை காட்டிவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அன்று மத்தியானம் வரை டிஏபி கேட்டு ஓர் ஆள்கூட வரவில்லை. கார்த்திகை பிறந்து மல்லிக்கும் பின்பட்டப் பாசிக்கும் அடியுரம் எடுக்கிற நாள். எதிர்த்த கடையில் ஆட்டோவில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது.

கடைக்குப் பின்கட்டுதான் வீடு. அவள் கணவர் செய்யது அலி முழங்கால் ஆபரேஷன் ஆகி நாலு மாதமாகக் கட்டிலில் காலை நீட்டியே உட்கார்ந்திருந்தார். சேதி அவருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. இட்லி அப்படியே தட்டில் காய்ந்துபோயிருந்தது.

"மூணு மூட்டைக்குள்ள காசையும் அவங்கிட்டக் குடுத்துட்டு வந்துரு. முப்பது வருசமா மச்சான் மச்சான்னு கூப்புட்ட வாயி. இனிமே இந்தக் கடைப் படி ஏறக் கூடாது."

"காசக் குடுத்தா, ஆமா போலிதான்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரில்லா ஆயிரும்?"

"பெறவு என்னதான் செய்யச் சொல்லுத?"

"நான் போய்ப் பாத்துட்டு வாரேன்."

"யார?"

"பயிர."

அவ்வளவு கோபத்திலும் செய்யது அலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முப்பது வருசமா மூட்டை விக்குதோம். என்னைக்காவது ஒருத்தன் பயிரப் போய்ப் பாத்துருக்கமா நாம?"

பார்த்ததில்லை என்பது உண்மைதான். கடையில் பயிர் தெரியாது. யார் எத்தனை மூட்டை எடுப்பார்கள், யார் மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கி வைப்பார்கள் என்பதுதான் தெரியும். ஆனால் உரக்கடைக்காரர்கள் படித்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, இந்த வயதில் பரீட்சையா என்று செய்யது அலி கையை உதறிவிட்டார். பதருன்னிசாதான் ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போனாள். முப்பத்தொன்பது ஆண்களுக்கு நடுவே முன்பெஞ்சில் உட்கார்ந்து நோட்டு எழுதினாள். எழுபத்தெட்டு மார்க். சான்றிதழ் கண்ணாடி போட்டு மெஷினுக்கு மேலே தொங்குகிறது. அதற்கப்புறம் அந்த நோட்டை அவள் திறந்ததில்லை.

மறுநாள் கடையைப் பக்கத்துக்கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மினிபஸ் ஏறினாள்.

மூன்று நாள் மழை விட்டு அன்றுதான் வெயில் அடித்தது. ஓடையில் தண்ணீர் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. ஊர் விலக்கில் இறங்கி வண்டிப்பாதையில் பத்தடி வைப்பதற்குள் செருப்பில் கரிசல் மண் அப்பி ஆள் இரண்டு அங்குலம் உயரம் கூடிவிட்டாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். குளிர்ந்த களி விரலிடுக்கில் பிதுங்கியது. நடுநடுவே மிளகு அளவில் வெள்ளைச் சுண்ணாம்புக் கல் உள்ளங்காலில் குத்தியது.

தவசி வரப்பில் நின்றுகொண்டிருந்தார். தூரத்திலேயே அடையாளம் தெரிந்து, தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அறுபதை நெருங்குகிற ஆள். வாயில் வெற்றிலை. பக்கத்தில் டிவிஎஸ் வண்டி, அதன் கொக்கியில் ஒரு பாலிதீன் பை.

"வா தங்கச்சி" என்றார். பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டார். "நானே வரணும்னுதான் இருந்தேன்."

"வந்துருக்கலாம்லா அண்ணே. டீக்கடைக்குப் போன நேரத்துக்கு எங்கடைக்கு வந்துருக்கலாம்."

"வந்து? தராசுல நிறுத்துக் காட்டுவிய. பில்லக் காட்டுவிய. எனக்குப் பில்லு தெரியாது. பயிரு தெரியும். இந்தா, நீயே பாரு."

அவள் பார்த்தாள். மூன்று ஏக்கர் ஒரே துண்டு. கிழக்கே மூன்றில் ஒரு பங்கு இருக்கும், பயிர் கரும்பச்சையாக, தோகை அகன்று, காற்றுக்குச் சலசலவென்று சத்தம் போட்டுக்கொண்டு நின்றது. அதற்கு மேற்கே ஒரே ஒரு சால் தள்ளி, கோடு கிழித்த மாதிரி எல்லாம் மாறிவிட்டது. மெலிந்த தண்டு. அடித்தோகையின் ஓரமெல்லாம் கத்தரிப்பூ நிறம். பூச்சி இல்லை, காய்ச்சல் இல்லை, தண்ணீர்க்குறை இல்லை. வளராமல் அப்படியே நின்றுவிட்ட பயிர்.

"ஒரே வெத. ஒரே நாள் ஊணுனது. மேல இருந்து ஊத்துன மழையும் ஒண்ணுதான்" என்று தவசி விரல் மடக்கினார். "மாறுனது மூட்டை மட்டுந்தான். கெழக்க ஒரு மூட்டை, மேக்க ரெண்டு மூட்டை. இதுக்கு மேல எனக்குக் கணக்குத் தெரியாது."

பதருன்னிசா குனிந்து ஊதாத் தோகை ஒன்றைப் புரட்டிப் பார்த்தாள். அவர் சொல்வதில் ஓட்டை இல்லை. கம்பெனியிலிருந்து வந்த லோடிலேயே கோளாறு இருந்திருந்தால்?

"மேக்க போட்ட மூட்டையில மிச்சம் எதும் இருக்கா அண்ணே?"

"இல்லாம?" தவசி டிவிஎஸ்ஸிலிருந்து பையைக் கழற்றினார். உள்ளே நாலு கை டிஏபி. "நாலு நாளா இதத்தான் வண்டியில மாட்டிக்கிட்டுத் திரியுதேன். பாக்காத ஆள் கெடையாது."

"பாத்தவுக கண்ணால பாத்தாவளா, மூக்கால பாத்தாவளா?"

"என்ன சொல்லுத?"

"சுண்ணாம்பு வச்சிருக்கியளா?"

வெற்றிலை போடுகிற ஆளிடம் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினார். பதருன்னிசா உள்ளங்கையில் பத்துப்பதினைந்து குருணையைப் போட்டு, மேலே சுண்டைக்காய் அளவு சுண்ணாம்பை வைத்து, புகையிலை கசக்குகிற மாதிரி பெருவிரலால் அழுத்தித் தேய்த்தாள். பிறகு கையை அவர் மூக்குக்கு நேரே கொண்டுபோனாள்.

தவசி மோந்தார். தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"யம்மா! என்னா நெடி! ஆட்டுப்பட்டிக்குள்ள மொகத்தக் குடுத்த மாதிரி..."

"போலியில இது வராது அண்ணே. களிமண்ண நாள் பூராத் தேய்ச்சாலும் வராது. வேணும்னா நீங்களே தேய்ங்க."

அவரே தேய்த்தார். இரண்டு தடவை. மூன்றாவது தடவை இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து. பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பயிரைப் பார்த்தார்.

"அப்போ இதுதான் நெசமா? அப்படின்னா கெழக்க போட்டது என்னது?"

அந்த நேரத்தில் ஆறுமுகத்தாய் களைக்கொத்தைத் தோளில் போட்டபடி பச்சைப் பயிருக்குள்ளிருந்து வெளியே வந்தாள். தவசியின் மனைவி. ஒல்லியான, வேகமாக நடக்கிற பெண். இன்றைக்கு மெதுவாக நடந்து வந்தாள்.

"வாங்க பதரு. வெயில்ல நிப்பாட்டி என்னத்தப் பேசுதாவ உங்க அண்ணாச்சி? மொதல்ல கஞ்சியக் குடிங்க."

வேப்பமரத்து நிழலில் தூக்குவாளியைத் திறந்தாள். ரேசனரிசிக் கஞ்சி, காணத்துவையல், வறுத்த சீனியவரைக்காய் வத்தல். தவசி தன் பங்கை வாங்கிக்கொண்டு அந்தப் பக்க வரப்பில் போய் உட்கார்ந்து, சாப்பிடாமல், உள்ளங்கையை மோந்துகொண்டிருந்தார்.

கஞ்சி புளித்து இதமாக இருந்தது. துவையலில் பூண்டு தூக்கலாக இருந்தது. பதருன்னிசா இரண்டு வாய் குடித்ததும் ஆறுமுகத்தாய் குரலைத் தாழ்த்தினாள்.

"பதரு, நான் ஒண்ணு சொல்லுவேன். அவிய காதுக்குப் போகக் கூடாது."

"சொல்லுங்க மைனி."

"கெழக்க போட்ட மூட்டை நல்ல மூட்டை இல்ல. கெட்டுப்போன மூட்டை."

ஆவணியில் மூன்று மூட்டையும் வீட்டுக்கு வந்தன. இரண்டைப் பட்டாசாலைக் கூடத்துக்குள் வைத்தார்கள். ஒன்றுக்கு இடமில்லாமல் முற்றத்தில் தண்ணீர் டிரம் பக்கத்தில் நிறுத்தினார்கள். எட்டு நாளைக்கு ஒரு தடவை வருகிற குழாய்த் தண்ணீர் அன்றைக்கு வந்தது. டிரம்முக்குள் ஓஸ் குழாயைப் போட்டுவிட்டு நூறு நாள் வேலைக்குப் பேர் கொடுக்கப் போனவள், பேச்சு சுவாரசியத்தில் நின்றுவிட்டாள். வந்து பார்த்தால் முற்றம் குளமாகக் கிடந்தது. மூட்டையின் பாதிக்கு மேல் ஊறி, மறுநாளைக்குள் உள்ளே கல்லாக இறுகிவிட்டது.

"அவிய அடிக்க மாட்டாவ. ஆனா அந்த வாயி இருக்கே! தண்ணிய அடைக்க மறந்தா, மூட்டைய நனைச்சான்னு பத்து வருசத்துக்கு ஊரு ஊராச் சொல்லுவாவ. எந்தங்கச்சி மக சடங்குல குழம்புல உப்புப் போட மறந்ததயே இன்னும் விடல."

"பெறவு என்ன செஞ்சிய?"

"எருவயெல்லாம் கேரளா லாரிக்காரன் பங்குனியிலயே அள்ளிட்டுப் போயிட்டான். வருசா வருசம் குடுக்கதுதான. ஆட்டுப்பட்டிக்கு அடியில பழைய தூளு கொஞ்சம் பாக்கி கெடந்துச்சு, ஒரு பத்துப் பன்னெண்டு ஓலைப்பெட்டி இருக்கும். மூட்டையப் பிரிச்சுக் கட்டியெல்லாம் உலக்கையால தட்டி, அந்தத் தூளோட கலந்து, பட்டிக்குப் பின்னால குமிச்சு, சாக்கப் போட்டு மூடிட்டேன். வெறுஞ்சாக்குக்குள்ள மண்ண ரொப்பி பழைய எடத்துல நிப்பாட்டிட்டேன்."

"யாத்தே!"

"என்ன செய்யச் சொல்லுதிய? நாலு நாள்ல மழை பேயும், வெதைச்சுரலாம்னு பாத்தா, பாழாப்போன மழை ஒண்ணரை மாசம் கழிச்சு வருது. தெறந்து பாத்தா சூடு. கட்டியே இல்ல. காப்பிப்பொடி மாதிரி கருகருன்னு இருந்துச்சு. ஊணுதன்னைக்கு அவிய ட்ராக்டர்காரங்கூட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாவ. நான் கெழக்க நின்ன பொம்பளையாளுகளுக்கு அதப் பெட்டி பெட்டியா அள்ளிக் குடுத்துட்டேன். மேக்க சாக்குல உள்ளது போச்சு. இந்தப் பயிரு மொளைக்குமோ மொளைக்காதோன்னு எனக்கு ராவும் பகலும் உசுரு இல்ல. கடைசியில பாத்தா..." அவள் கையைக் கிழக்கே நீட்டினாள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகம். "பாவம், உங்க கடைப்பேருக்குல்லா வினையா முடிஞ்சிட்டு."

பதருன்னிசா கஞ்சியைக் கீழே வைத்தாள். கோவில்பட்டியில் முன்பெஞ்சில் எழுதிய நோட்டின் ஒரு பக்கம், வரிக்கோடு உட்பட, அப்படியே கண்முன் வந்து நின்றது. மழைக்கு முன்னால் டிஏபியை எருவோடு கலந்து மூட்டம் போட்டு மூட வேண்டும், ஒரு மாதம் நிழலில் வைக்க வேண்டும். அதே பக்கத்திலிருந்துதான் பத்து மார்க் கேள்வி வந்தது. முழுசாக எழுதினாள்.

"மைனி, இத நீங்க அண்ணாச்சிகிட்டச் சொல்லித்தான் ஆகணும்."

"வேண்டாம் பதரு. கெழக்குப் பயிரப் பத்தி எதாச்சும் சொல்லிச் சமாளிங்க."

"மைனி, நேத்து எங்கடையில ஒரு டிஏபி ஓடல. எங்க வீட்டுக்காரவுக இன்னும் ஒருவாய் தின்னல. நீங்க சொல்லாட்டா எங்க கடை எந்திரிக்காது."

ஆறுமுகத்தாய் தூக்குவாளி மூடியைத் திருகினாள். மூடி சரியாகத்தான் இருந்தது. திரும்பவும் திருகினாள். பிறகு சட்டென்று எழுந்து நின்று, பக்கத்துப் புஞ்சைக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்.

"ஏய்யா! இங்கன வாரும்!"

தவசி வந்ததும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். டிரம் என்றபோது அவர் வாயைத் திறந்தார். சாக்குக்குள் மண் என்றபோது கண்ணை மூடிக்கொண்டார்.

"டிரம்மு நெறஞ்சா பைப்ப அடைக்கணும்னு ஒரு கூறு..." என்று ஆரம்பித்தவர், தலையைத் திருப்பிக் கிழக்கே பார்த்தார். மேற்கே பார்த்தார். பயிர் சலசலத்தது.

"சவத்து மூதி" என்றார். "நனைச்சதுதான் நனைச்ச, மூணையும் நனைச்சிருக்கப்படாதா?"

ஆறுமுகத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பதருன்னிசாவும் சிரித்துவிட்டாள்.

சிரிப்பு அடங்கியதும் தவசி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "சரி தங்கச்சி. வெளையாட்டு வேண்டாம். ரெண்டும் ஒரே மருந்துதான். அது எப்பிடி நனைஞ்சது வெளையுது, நல்லது வெளையல? அந்தப் பத்துப் பெட்டி எருவுக்கா இம்புட்டுப் பச்சை?"

பதருன்னிசா காலடியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பிட்டாள். வெள்ளைக் கல் ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்துக் காட்டினாள்.

"இது என்னது?"

"சுண்ணாம்புக்கல்லு. காடு பூரா கெடக்கு."

"டிஏபியில இருக்கது மணிச்சத்து. வேரு புடிக்கதுக்கும் தண்டு தெரளுததுக்கும் அதுதான் வேணும். அத வெறுமன மண்ணுல போட்டா இந்தச் சுண்ணாம்பு விடாது. புடிச்சுத் தன்னோட சேத்துக் கல்லாக்கிரும். பயிருக்குக் காவாசி கூடப் போய்ச் சேராது. எருவோட போனா வேற மாதிரி. மக்குன எருவுல ஒரு புளிப்பு இருக்கு. அது முந்திக்கிட்டுப் போய்ச் சுண்ணாம்புகிட்ட ஒட்டிக்கிடும். பந்தியில நமக்கு முன்னால எலையப் புடிச்சு உக்காந்துக்கிடுதாங்கள்லா, அது மாதிரி. சுண்ணாம்புக்கு எடம் இல்ல. மணிச்சத்து தப்பிச்சு வேருக்குப் போயிரும். பத்துப் பெட்டி எரு தனியா இம்புட்டு வேலை செய்யாது. ரெண்டும் சேந்து ஒரு மாசம் கெடந்துச்சுல்லா, அதான்."

"அப்போ பதினஞ்சு வருசமா நான் போட்ட மூட்டையெல்லாம்?"

"இங்கனதான் கெடக்கு. எங்கயும் போகல. வருசா வருசம் எரு விழுந்தா கொஞ்சங்கொஞ்சமா எளகிக் குடுக்கும்."

"எருவத்தான் லாரியில ஏத்தி மலையாளத்தானுக்கு அனுப்பிட்டு, அந்தத் துட்டுல உங்கிட்ட மூட்டை வாங்குதேன்" என்றார் தவசி, மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி.

ஆறுமுகத்தாய் பதருன்னிசாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் உங்களுக்கு முன்னமே தெரியுமா பதரு?"

"தெரியும் மைனி."

"ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?"

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். அதுதான் பதருன்னிசாவுக்குத் தாங்கவில்லை. கையிலிருந்த மண்ணை உதிர்த்தாள்.

"பரீட்சையில எழுதுனேன் மைனி. கடையில சொல்லல. கேக்கதக் குடுத்துக்கிட்டே இருந்துட்டேன்."

பக்கத்துப் புஞ்சையில் யாரோ ஆட்டை அதட்டினார்கள். ஆறுமுகத்தாய்தான் வாளியில் மிச்சமிருந்த கஞ்சியைப் பதருன்னிசாவின் கிண்ணத்தில் ஊற்றினாள். "குடிங்க. துவையல வீணாக்காதிய."

மேற்குப் பயிரை அப்படியே விட்டுவிட வேண்டியதில்லை என்று பதருன்னிசா சொன்னாள். இன்னும் கொஞ்சம் டிஏபி வாங்கி ஒரு ராத்திரி ஊறவைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் வடித்து, சாயங்காலம் இலையில் அடித்தால் ஓரளவு தேறும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. கிழக்கு மாதிரி வராது, ஆனால் கதிர் பிடிக்கும். தவசி ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"டீக்கடைக்குப் போகணும்" என்றார்.

"போயிச் சொல்லுவியளாக்கும், எம்பொண்டாட்டி மூட்டைய நனைச்சான்னு" என்றாள் ஆறுமுகத்தாய்.

அவர் டிவிஎஸ்ஸை உதைத்தார்.

ஊர் விலக்கில் மினிபஸ் டீக்கடை முன்னால்தான் திரும்பி நிற்கும். பதருன்னிசா ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தபோது உள்ளே பேச்சு உச்சத்தில் இருந்தது. ஆறேழு பேர். எருத்தரகர் பாண்டிராஜும் இருந்தான், லாரிக்கு ஆள் பிடிக்கிறவன். நடுவில் தவசி, ஒரு கையில் டீ கிளாஸ், ஒரு கையில் பாலிதீன் பை.

"மோந்து பாருல. கண்ணு எரியுதுல்லா? பாய் கடைச் சரக்கு சுத்தச் சரக்கு. நாந்தான் கூறுகெட்டுப் பேசிட்டேன்."

"அப்போ கெழக்க எப்பிடிப் பச்சையா நிக்கு சித்தப்பா?"

"அது நனைஞ்ச மூட்டை. தண்ணி வந்த அன்னைக்கு பைப்ப அடைக்க மறந்துட்டேன்."

"யாரு மறந்தது?"

"நாந்தாம்ல."

"தண்ணி புடிக்கது நீரா?" கடை முழுக்கச் சிரித்தது. "சின்னம்மா எங்க போனாவ?"

"அவ வேலைக்குப் பேர் குடுக்கப் போயிட்டா. நான் புடிச்சேன். மறந்துட்டேன். நனைஞ்சதப் பட்டித் தூளுல கலந்து மூடி வச்சேன். போதுமா? சிரிங்கல நல்லா. ஏய் பாண்டி, பங்குனிக்கு எங்க வீட்டுப் பக்கம் லாரியக் கொண்டுவராத. எரு இல்ல."

"ஏன் அண்ணாச்சி, வேற எவனும் கூடக் கேட்டானா?"

"எங்காடு கேக்கு."

பஸ்ஸின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது. கண்டக்டர் விசில் அடித்தான். பஸ் நகர்ந்த பிறகும் தவசியை அவர்கள் கேலி செய்வது கேட்டுக்கொண்டே வந்தது. பத்து வருடத்துக்கு இது ஓடும் என்று பதருன்னிசா நினைத்துக்கொண்டாள். செருப்பு இன்னும் கையிலேயே இருந்தது. அதைக் கீழே போட்டுக் காலை நுழைத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி செய்யது அலி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "எல்லாருக்கும் இதச் சொல்லப் போறியா?" என்றார்.

"சொல்லணும்ங்க."

"மூணு எடுக்கவன் ரெண்டுதான் எடுப்பான்."

"எடுக்கட்டும். ரெண்டு எடுத்தவன் நாளைக்கும் வருவான்."

அவர் காலைத் தடவிக்கொண்டே யோசித்தார். "கணக்கு சரியா வருதான்னு பெறவு பாக்கலாம். இன்னொரு தோசை போடு" என்றார்.

பத்து நாள் கழித்து, கடை கூட்டமாக இருந்த ஒரு காலையில், மேற்கே ஏதோ ஊரிலிருந்து ஓர் ஆள் பைக்கில் வந்து இறங்கினார். செண்பகராஜ் என்று பேர் சொன்னார். கிணற்றுப் பாசனம். தைப் பட்டத்துக்கு மக்காச்சோளம் போடப் போகிறார். மெஷினில் விரல் வைக்காமல், அடுக்கியிருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசி மூட்டை வரை போய்விட்டுத் திரும்பி வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"ஏக்கா, நனைஞ்ச மூட்டை எதும் இருக்கா?"

"எது?"

"நனைஞ்சதுக்கா. அதுதான் வேலை செய்யுதாம்லா. எங்கூர்ல ஒருத்தன் புது மூட்டையக் கிணத்துக்குள்ள முக்கி எடுத்துட்டான். வெல கூடன்னாலும் பரவால்ல, உங்க கடையில இருந்தா உள்ள எடுத்து வச்சிருப்பியன்னு சொன்னாவ."

பின்கட்டிலிருந்து செய்யது அலி வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. பதருன்னிசா சிரிக்கவில்லை. பில் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தாள். மேசைக்கு வெளியே வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றாள். "மொதல்ல இதச் சொல்லுங்க. வீட்டுல எரு எத்தன பெட்டி கெடக்கு?"